சுமை குறையட்டும், சூடு குறையக் கூடாது

1997 மே 23-ஆம் நாள் நம் நாட்டின் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் கால் பதித்தார்கள். அதற்குப் பிறகு இமயமலை நமக்கு எட்டாத இடமாகத் தோன்றுவதில்லை. உச்சிக்குப் போக முடியாவிட்டாலும், 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் வரையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இவ்வாரக் கலந்துரையாடல். அந்தப் பயணத்திற்கு எதை எடுத்துச் செல்வது, எதை வீட்டிலேயே விட்டுச் செல்வது?

கனமான பை ஏன் ஆகாது?

அடிவார முகாமில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியாகிவிடுகிறது. கோலாலம்பூரில் எளிதாகத் தூக்கிய பை, அங்கே நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சிரைக்க வைத்துவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குறைத்துவிடவும் முடியாது. ஏறத்தாழ 4,000 மீட்டருக்கு மேலே அங்கு மரங்கள் வளர்வதில்லை. புதரும் புல்லும் பாறையும்தான். காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அக்டோபர், நவம்பர் இரவுகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கிவிடும்.

பயம்தான் பையை நிரப்புகிறது

வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நமக்குக் குளிர் என்றாலே நடுக்கம். அந்தப் பயத்தில் ஐந்து ஸ்வெட்டர், இரண்டு ஜீன்ஸ், கனத்த துண்டு என்று அடுக்கிவிடுகிறோம். பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சி ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொள்ளும்; எளிதில் காயாது. இவ்வளவு சுமந்தும் குளிர் தாங்க முடியாமல் போவது இதனால்தான்.

உடையை அடுக்கடுக்காக அணிவதே முறை. உடம்பையொட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் ஒரு ஃபிலீஸ், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி. நடப்பதை நிறுத்தியதும் போட்டுக்கொள்ள ஒரு வாத்திறகு ஜாக்கெட். நடக்க ஒரு செட் உடை, படுக்க உலர்ந்த ஒரு செட், மாற்றுக் காலுறைகள். இவை போதும்.

அடுத்து, சமையலறைத் தராசை எடுத்து ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் பாருங்கள். வெறும் பையே 2 கிலோவுக்கு மேல் இருக்கலாம். அதே அளவில் ஏறத்தாழ 1.2 கிலோவிலும் பைகள் உண்டு. வழி நெடுகத் தங்கும் விடுதிகள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. இரண்டாவது பவர் பேங்க், பெரிய ஷாம்பு பாட்டில், தடித்த புத்தகம் போன்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.

குறைக்கக் கூடாதவை

வாத்திறகு ஜாக்கெட், தொப்பி, மாற்றுக் கையுறை, தலைவிளக்கு, மருந்துகள் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். தூங்கும் பை வாங்கும்போது அதன் சீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். சுகமாகத் தூங்கக்கூடிய அளவு எதுவோ, அதைப் பார்த்து வாங்க வேண்டும். உயிர் பிழைப்பதற்கான அளவை நம்பி வாங்கினால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதுதான்.

தண்ணீர் வடிகட்டியின் உள்ளே ஈரம் உறைந்தால் அதன் நுண்குழாய்கள் வெடித்துவிடலாம். பிறகு அதை நம்ப முடியாது. சில கிராம் எடையே உள்ள சுத்திகரிப்பு மாத்திரைகள் நல்ல மாற்று. ஆனால் குளிர்ந்த நீரில் அவை வேலை செய்யக் கூடுதல் நேரம் பிடிக்கும். கைப்பேசியையும் பேட்டரிகளையும் இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் குளிரில் மின்சக்தி வீணாகாது.

பை இலேசாக இருக்கிறதே என்று வேகமாக ஏறிவிடவும் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு தூங்கும் உயரத்திற்கும் அடுத்த இரவு தூங்கும் உயரத்திற்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம் என்பது மருத்துவர்களின் அறிவுரை.

யார் முதுகில்?

நேயர்களே, ஒன்றைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். நம் முதுகிலிருந்து இறக்கிய சுமை எங்கே போகிறது? "போர்ட்டர்தான் தூக்குவாரே" என்று நினைத்தால் நாம் எதையும் குறைக்கவில்லை, கைமாற்றினோம், அவ்வளவுதான். இரண்டு நண்பர்கள் ஆளுக்கு 15 கிலோ கொடுத்தால் ஒரு மனிதரின் முதுகில் 30 கிலோ ஏறுகிறது. சுமைதூக்கிகளின் நலனுக்காகக் குரல் கொடுப்பவர்கள் நேப்பாளத்தில் வலியுறுத்தும் உச்ச வரம்பே அதுதான். அவர்களில் பலர் தாழ்வான கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். குளிரும் உயர நோயும் அவர்களையும் தாக்கும். அவருக்குச் சரியான காலணியும் குளிருடையும் காப்புறுதியும் உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஆளுக்கு 8, 9 கிலோவோடு நிறுத்திக்கொண்டால் அவர் முதுகும் பிழைக்கும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பையைக் கட்டி, முதுகில் மாட்டி, பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிப் பாருங்கள். எது தேவை, எது வீண் என்பதை உங்கள் முழங்காலே சொல்லிவிடும்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.