தீவிர சிகிச்சைக்குப் பின் வரும் சிகிச்சை

கொரோனா போன்ற கொடிய வைரஸ் வியாதியால் சுவாசம் தடுமாறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் வென்டிலேட்டரின் துணையால் ஜீவித்திருந்து, முடிவில் பிழைத்து வீடு திரும்பும் ஒருவரைப் பார்த்து, "கண்டம் தப்பிற்று, இனி நன்றாகப் படுத்து ஓய்வெடுத்தால் பழையபடி ஆகிவிடுவார்" என்று சுற்றத்தார் ஆறுதல் கொள்வது இயல்பு. அந்த வாக்கியத்தின் முற்பாதி முழு உண்மை. பிற்பாதியோ, அன்பினால் சொல்லப்படுவதாயினும், நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியது.

கரைந்துபோகும் சதை

தொழில் செய்யாத தசை இளைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் தீவிர நோயில் நேரும் இளைப்பு, கால் முறிந்து படுத்திருப்பவருக்கு நேரும் இளைப்பைவிடப் பன்மடங்கு வேகமானது. உடலெங்கும் மூண்டிருக்கும் அழற்சி தசையின் புரதத்தையே சிதைத்துக்கொண்டிருக்க, மயக்க மருந்துகள் அவயவங்களைச் சலனமற்று வைத்திருக்க, வாயால் உண்ணும் ஆகாரமும் நின்றிருக்க, பல திசையிலிருந்தும் பலஹீனம் வந்து சேர்கிறது. லண்டன் ஆராய்ச்சியாளர் சிலர் இத்தகைய நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்தே நாளில் அத்தசையின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் சுருங்கியிருந்தது. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசையே ஆதலால், யந்திரம் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்த காலமெல்லாம் அதுவும் மெலிகிறது. வீடு வந்தவர் நாற்காலியினின்று எழும்போது தொடை நடுங்குவதையும், குளியலறைக்குப் போய் வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குவதையும் சோம்பல் என்றோ மனத்தளர்ச்சி என்றோ எண்ணிவிடலாகாது. எழுப்பிவிட வேண்டிய சதை அங்கே குறைந்துபோயிருக்கிறது.

டொராண்டோ நகர மருத்துவர்கள், நுரையீரல் கடுமையாகச் செயலிழந்து பிழைத்த 109 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2003இல் எழுதிய அறிக்கை இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுவது. தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வந்தபோது அவர்கள் தத்தம் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தனர். இதில் ஆச்சரியம் என்னவெனில், நோயுற்ற நுரையீரல் ஆறு மாதத்திலேயே பெரும்பாலும் தேறிவிட, ஓராண்டு கழிந்தும் அவர்களை வருத்தியது கை கால்களின் பலஹீனமே. அந்த ஆண்டின் முடிவில் வேலைக்குத் திரும்பியிருந்தவர் ஏறக்குறைய பாதிப் பேர்.

படுக்கையிலேயே ஆரம்பம்

ஆகவே புனர்வாழ்வுச் சிகிச்சையை வீடு திரும்பிய பிறகு ஆரம்பிப்பதே தாமதம். சிகாகோவிலும் அயோவாவிலும் 104 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட பரிசோதனையில், மயக்க மருந்தைத் தினந்தோறும் சற்று நிறுத்தி, அந்த விழிப்பு வேளையில், தொண்டையில் குழாய் இருக்கும்போதே கை கால் அசைக்கவும் உட்காரவும் நிற்கவும் சிலரைப் பழக்கினர். அவர்களில் 59 சதவீதம் பேர் மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது தம் காரியங்களைத் தாமே செய்துகொண்டனர். வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களிலோ 35 சதவீதம் பேரே அந்நிலையை எய்தினர். 2020இல் பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் சென்னையில் கொரோனாவுடன் போராடிய நாட்களில், வென்டிலேட்டரிலும், உடலுக்கு வெளியே இரத்தத்தில் பிராணவாயு ஏற்றும் எக்மோ கருவியிலும் இருந்தபடியே அவர் பிசியோதெரபியில் ஈடுபடுகிறார் என்று மருத்துவமனை அறிக்கை சொன்னதைப் படித்து, உயிர் ஊசலாடும் வேளையில் தேகப்பயிற்சியா என்று வியந்தவர் பலர் இருந்திருப்பர். அவர் நம்மிடம் திரும்பவில்லை. எனினும் அந்த வைத்தியர்கள் செய்தது முறையான காரியமே.

கவிஞரின் கைத்தடி

குழந்தைகளுக்காக எழுதும் ஆங்கிலக் கவிஞர் மைக்கேல் ரோசன் 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஆளாகி, லண்டன் விட்டிங்டன் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வாரத்துக்கு மேல் கிடந்தார். அதில் பெரும்பகுதி மருந்தால் உண்டாக்கிய மயக்கத்திலேயே கழிந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மனிதர் விழித்தபின் நிற்கவும் நடக்கவும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அப்போது தமக்குத் துணையாய் வந்த கைத்தடிக்கு 'ஸ்டிக்கி மெக்ஸ்டிக்ஸ்டிக்' என்று வேடிக்கைப் பெயர் சூட்டி, 2021இல் குழந்தைகளுக்கு அதைப் பற்றி ஒரு கதைப் புத்தகமே எழுதிவிட்டார். ஒரு கண்ணின் பார்வையிலும் ஒரு செவியின் கேள்வியிலும் நேர்ந்த நஷ்டமோ அவருக்கு நிலைத்துவிட்டது.

அவர் மயங்கிக் கிடந்த நாட்களில் செவிலியர்கள் படுக்கையருகே ஒரு குறிப்பேட்டை வைத்து, அவரை நோக்கிக் கடிதம் எழுதுவதுபோல் எழுதி வந்தனர். ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றில் வழங்கும் இம்முறைக்குத் தக்க காரணம் உண்டு. தீவிர சிகிச்சையில் சித்தம் கலங்கி, தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்றும் எங்கோ சிறைப்பட்டிருக்கிறோம் என்றும் பிரமை கொள்பவர் பலர். அப்பிரமை மெய்யான ஞாபகமாகவே மனத்தில் தங்கி, மாதங்கள் சென்றும் நள்ளிரவில் அவர்களைத் திடுக்கிட்டு எழச் செய்கிறது. இன்ன தேதியில் குழாயை எடுத்தார்கள், இன்ன நாள் மகள் தொலைபேசியில் பேசினாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதிய நோட்டு ஒன்று கையில் இருந்தால், எது நடந்தது, எது பிரமை என்று பிரித்தறிய முடியும். இதைக் குடும்பத்தாரே எழுதலாம்; செலவு ஒரு நோட்டுப் புத்தகம். பெயர் மறப்பதும், கடைக் கணக்குப் பார்க்கத் திணறுவதும் தீவிர நோயின் பின்விளைவுகளே ஆதலால், அவற்றை இடித்துக் காட்டாதிருப்பதும் வீட்டாரின் கடன்.

வீட்டில்

பாயில் படுத்து, தரையில் அமர்ந்து உண்டு, குந்தியிருந்து மலங்கழிக்கும் நம் வழக்கம் தொடை வலிமையைப் பெரிதும் வேண்டுவது. எனவே ஆரம்பத்தில் கட்டிலும், கைப்பிடியுள்ள நாற்காலியும், உட்காரும் கழிப்பறையும், உட்கார்ந்தே குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் இருந்தால் பாதிச் சிரமம் தீரும். நாற்காலியினின்று எழுந்து எழுந்து அமர்வதே முதல் அப்பியாசம். பிறகு கூடத்துக்குள் நடை, பிறகு வாசல் வரை. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு நடுவில் அறுந்தால் நின்றுவிட வேண்டும். மறுநாள் முழுவதும் எழ முடியாத அயர்வு கண்டால், செய்தது அதிகம் என்று உணர்ந்து அளவைக் குறைப்பதே விவேகம். கொரோனாவுக்குப் பின் வரும் அயர்வு பிடிவாதத்துக்கு அடங்குவதில்லை. மூச்சு வாங்கும்போது மேசைமீது தலையணை வைத்து முன்னே சாய்ந்து, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை வெளிவிட்டால் நெஞ்சு இளகும்.

ஆகாரத்தைப் பற்றி என் அபிப்பிராயம் சற்றுக் கடுமையானது. நோயாளி என்பதற்காகக் கஞ்சியும் ரசஞ்சாதமுமே கொடுத்துப் பத்தியம் காப்பவர், இழந்த சதை மீண்டும் வளர்வதற்கு வேண்டிய பொருளையே மறுக்கிறார். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் முதலியவற்றைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுக்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளவருக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும். படுத்தபடி ஊட்டுவது கூடவே கூடாது. குழாயிருந்த தொண்டையில் விழுங்கும் செயல் பழுதுபட்டிருக்கலாம். தண்ணீர் குடித்ததும் இருமினாலோ, குரலில் சளி கட்டியதுபோன்ற கரகரப்பு எழுந்தாலோ, அது நுரையீரலுக்குள் போகிறதென ஐயுற்று, விழுங்கும் பயிற்சி தரும் நிபுணரை நாட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தலைமயிர் கொத்தாக உதிர்வதற்கு மட்டும் கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தானே முளைத்துவிடும்.

தாமதிக்கலாகாத குறிகள்

சும்மா அமர்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, மார்பு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென நினைவு தடுமாறுவது, ஜுரம் திரும்புவது ஆகியவற்றில் எது கண்டாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒற்றைக் கால் வீக்கம் இரத்தக் குழாயில் உறைகட்டியின் அறிகுறியாக இருக்கக்கூடும். வாழ்க்கையே வேண்டாம் என்று நோயாளி பேசினால், அதையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் மட்டும் இருந்தால், பிசியோதெரபிக்கு எங்கே, எந்த நாளில் வரவேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.