நிமிர்ந்துபோன எண்ணெய்

காலியான டால்டா டின்னில் ரோஜாச் செடி வைத்த வீடுகள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. 1937-இல் இந்தியச் சந்தைக்கு வந்த அந்த வனஸ்பதி, பார்க்க நெய்போல் இருக்கும், விலையோ குறைவு. நெய்யில் அதைக் கலந்து விற்கும் கில்லாடிகளைப் பிடிக்க அரசு ஒரு தந்திரம் செய்தது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சந்தேகத்துக்குரிய நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் விட்டுக் குலுக்கினால், கலந்திருக்கும் நல்லெண்ணெய் ரோஜாச் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். கலப்படம் இப்படி அகப்பட்டது. வனஸ்பதிக்குள்ளேயே இருந்த வில்லங்கம் அகப்பட வெகுகாலம் ஆயிற்று.

எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. இடையில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் சங்கிலி முழங்கைபோல மடங்கும். மடங்கிய சங்கிலிகளை நெருக்கி அடுக்க முடியாது; அதனால்தான் எண்ணெய் உறையாமல் ஓடுகிறது. சூடான எண்ணெயில் நிக்கல் தூளைப் போட்டு ஹைட்ரஜனைச் செலுத்தி உறையவைக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். ஹைட்ரஜன் ஏறிய இடத்தில் இரட்டைப் பிணைப்பு மறையும், சங்கிலி நேராகும். முழுக்க ஏற்றினால் கல்லாகிவிடும் என்பதால் வனஸ்பதிக்குப் பாதியில் நிறுத்துவார்கள். சிக்கலே அந்தப் பாதியில்தான். மிஞ்சிய பிணைப்புகளில் சில, மறையாமலே புரண்டு நிமிர்ந்துவிடுகின்றன. இதுதான் டிரான்ஸ் கொழுப்பு. சீக்கிரம் காறாது, பஃப்ஸ் ஏடு ஏடாக வரும். பேக்கரிக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டன் என்ற இருவர் 59 பேருக்கு இந்தக் கொழுப்பைக் கொடுத்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, நல்லது இறங்கியது. வெண்ணெய்க்குக்கூட இந்த இரட்டைக் கெடுதல் கிடையாது. அன்றாடக் கலோரியில் வெறும் 2 சதவீதம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, டிரான்ஸ் கொழுப்பாக வந்தால் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் கணக்கிட்டன.

அமெரிக்காவில் ஃப்ரெட் கம்மரோ என்ற ஆய்வாளர் 1957-இலேயே இதுபற்றி எச்சரித்தவர். யாரும் காது கொடுக்கவில்லை. 2013-இல், தம் 98-ஆம் வயதில், அரசின் உணவு மருந்து நிர்வாகத்தின் மீதே வழக்குப் போட்டார். தடை முடிவு 2015-இல் வந்தது. 102 வயதுவரை வாழ்ந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். டென்மார்க் 2003-லேயே உச்சவரம்பு விதித்திருந்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

பல பேக்கரிகளில் வனஸ்பதியின் இடத்தை இப்போது பாமாயில் பிடித்திருக்கிறது. பாக்கெட்டில் ‘டிரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்று போட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. அது எத்தனை கிராம் என்பது அதே பாக்கெட்டின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.