நோய் ஒருவருக்கு; கடன் குடும்பத்துக்கு!

"ஏழைக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, புற்றுநோய் வந்தால் என்ன பயம்?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம்: அந்த அட்டை ஆஸ்பத்திரிக்குள் பேசும், வாசலைத் தாண்டினால் வாய் மூடிக்கொள்ளும்!

அட்டையை நாம் குறைத்துப் பேசவில்லை. 2009 முதல் தமிழகத்தில் அரசு காப்பீடு இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கும் கதிர் சிகிச்சைக்கும் அது கைகொடுத்திருக்கிறது. ஆனால், புற்று முற்றி எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி முழுக் குணம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் மனிதன் மாதக்கணக்கில் வாழ்கிறான். சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த வாழ்வுக்கு யார் செலவு செய்வது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குமாரபாளையத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர். நாட்கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் படுத்துவிட்டால், மாதம் 25 நாள் கூலி, 17,500 ரூபாய் போயிற்று. தனியே பஸ் ஏற முடியாதவரை மனைவி மாதம் ஆறு நாள் சேலத்துக்கு அழைத்துப் போகிறார். அவருடைய கூலி நாளுக்கு 400 என்றால், 2,400 ரூபாய் போயிற்று. ஆக, வீட்டுக்கு வரவேண்டிய 19,900 ரூபாய் வரவில்லை! பஸ், ஆட்டோ, ஓட்டல் சாப்பாடு, வெளியே வாங்கச் சொன்ன மருந்து, இவையெல்லாம் அதற்கு மேல். முதலில் தோடு அடகுக்கடைக்குப் போகிறது. அடுத்துக் கந்துவட்டி வருகிறது. மூன்றாவதாகப் பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

இந்த நிலையில், இருக்கிற உரிமையையும் தெரியாமல் இழக்கலாமா தோழர்களே?

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு முதலில் 91 நாள் வரை, கூலியில் 70 சதவிகிதம் நோய்க்காலப் பணம் உண்டு. நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. இரண்டாண்டு வேலை முதலான நிபந்தனைகள் நிறைவேறினால், 80 சதவிகிதம் வீதம் இரண்டாண்டு வரைகூடப் பெறலாம். ஆகவே, "முடியவில்லை, நின்றுகொள்கிறேன்" என்று முதலாளிக்கு எழுதிக் கொடுக்குமுன், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள்! சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவிகிதம் சலுகை. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும்.

பணத்தைவிடக் கொடியது வலி. முற்றிய புற்றின் வலிக்கு மார்பின் நல்ல மருந்து. அதன் மாத்திரை விலை உயர்ந்ததும் அல்ல. அதற்கு மூலமான அபினிச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது. விளைவதும் இந்நாட்டில், அது கிட்டாமல் ஏழை துடிப்பதும் இந்நாட்டில்! 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் போட்ட கெடுபிடியால் மருந்துக்கடைகள் மார்பினைத் தொடவே அஞ்சின. 2014 இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது, மாத்திரை தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்ததா என்று கேட்பது நம் வேலை. 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், படுக்கையில் கிடப்போரை வீடு தேடி வந்து கவனிப்பதும் சேர்க்கப்பட்டது. நம் தெருவுக்கு அது வந்ததா என்றும் கேட்போம்.

இ.எஸ்.ஐ. இல்லாத தறிக்காரருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் படுத்த நாளின் கூலியை ஈடுகட்ட வழி வேண்டும். துணைக்குப் போகிறவரின் கூலி இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவ்விரண்டையும் நாம் உரத்துக் கேட்கிறோம்.

அது வரும் வரை? கிளைக்கு ஒரு தோழர் இந்தப் படிவங்களையும் சான்றிதழ்களையும் கற்றுக்கொள்ளட்டும். படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை உட்காரட்டும். படுத்திருப்பவர் வீட்டுக்கு வெறுங்கையோடு ஆறுதல் சொல்லப் போவதைவிட, நிரப்பிய படிவத்தோடு போவது மேல்!