எம்பிங்கோவைக் காப்பது தடையா, உரிமையா?

தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் உள்ள வறண்ட மியோம்போ காடுகளில் வளரும் எம்பிங்கோ, நம் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு. முள்ளும் கோணலுமாக, அடியிலேயே பல கவையாகப் பிரிந்து நிற்கும். மஞ்சள் வெளிறைச் செதுக்கி எடுத்தால் உள்ளே கன்னங்கரிய வைரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். வாசிப்பவரின் மூச்சு ஈரம் பட்டாலும் அது எளிதில் உருமாறாது. அதனால்தான் உயர்தரக் கிளாரினெட்டையும் ஓபோவையும் இதில் கடைகிறார்கள். ஆனால் ஒரு மரம் முற்ற எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும். வெட்டிய கட்டையிலும் விரிசல், கணு, வளைவு எல்லாம் கழித்தால் வாத்தியத்துக்குத் தேறுவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிப்பட்ட மரத்தை யாரும் தொடக் கூடாது என்று தடுப்பதே சரி என்று தோன்றும். எனக்கோ, காட்டோரம் வாழ்பவர்களிடம் மரத்தின் உரிமையைக் கொடுப்பதே அதைக் காக்கும் வழி என்று படுகிறது.

இதற்குச் சான்று தெற்குத் தான்சானியாவின் கில்வா மாவட்டம். அந்நாட்டின் 2002 வனச் சட்டம், கிராமங்கள் தங்கள் நிலத்துக் காட்டைக் காப்புக்காடாக அறிவித்து, மரம் விற்ற பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள வழிசெய்தது. கில்வா கிராமங்கள் மரங்களை அளந்து கணக்கெடுத்து, இத்தனைதான் வெட்டலாம் என்று வரம்பு கட்டின. 2009இல் அக்காடுகளுக்கு, பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்குத் தரும் எஃப்எஸ்சி சான்றிதழும் கிடைத்தது. அதற்கு முன் வெளியாட்கள் வெட்டிச் சென்றபோது கிராமத்துக்கு மிஞ்சியது சொற்பம். காசு வராத மரத்துக்கு யார் காவல் நிற்பார்கள்?

விலை இருந்தால் திருட்டும் இருக்குமே என்பது நியாயமான கேள்வி. இருக்கும்தான். ஆனால் எம்பிங்கோவின் எதிரி கோடரி மட்டுமல்ல, வறண்ட பருவத்தின் கடைசியில் பரவும் காட்டுத்தீயும்தான். முதிர்ந்த மரம் தாங்கும், கன்றுகள் கருகும். புல் முழுதாகக் காயுமுன் சிறு தீ வைத்து எரித்துவிட்டால் பெருந்தீயின் ஆபத்து குறையும். அதைச் செய்ய அங்கேயே ஆள் வேண்டும். தடையாணை தீயணைக்க வராது. 2017இல் இம்மரத்தின் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு தந்தார்கள். எல்லை கடக்கும் கட்டையைக் கண்காணிக்க அந்தக் கட்டுப்பாடு தேவையே. ஆனால் கிராமத்துக் காவலுக்கு அது ஈடாகாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. சான்றிதழுக்கான தணிக்கைச் செலவு பெரிது. வாத்தியத் தொழில் வாங்கும் கட்டையோ கொஞ்சம். எம்பிங்கோ வருமானம் மட்டும் போதாமல் கிராமங்கள் வேறு மரங்களையும் விற்கின்றன. இந்தச் செலவில் ஒரு பங்கை, இந்த மரத்தையே நம்பியிருக்கும் வாத்திய நிறுவனங்கள் ஏற்க வேண்டும். ஒரு கிளாரினெட்டின் விலையோடு ஒப்பிட்டால் அதற்குப் போகும் கட்டையின் விலை மிகச் சிறிது. கிராமத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதால் அந்நிறுவனங்களின் வியாபாரம் படுத்துவிடாது.