ஙகரம் சொல்லும் கதை



சொல் விளக்கம் கூற வந்தவன் முதலில் தன் பிழையொன்றைக் கூறிவிடுதல் நன்று. ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, அதிகாலையைப் பற்றிய கட்டுரையில், "அடுப்பில் கங்கு கிடந்தது" என எழுதியிருந்தாள். கொச்சையென்று கருதி, சிவப்பு மையால் வெட்டித் 'தணல்' எனத் திருத்தினேன். "சேர், எங்க அப்பாயி கங்குன்னுதான் சொல்லும்" என்றாள். வீட்டுப் பேச்சு வேறு, எழுத்து வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு மனம் கேட்கவில்லை. அகராதியைப் புரட்டினேன். நெருப்புத் துண்டாகிய கங்கு அங்கே இருந்தது. கருந்தினைக்கும் கங்கு என்று பெயர். எல்லைக்கும் அதுவே பெயர். 'கங்கு கரை இல்லாத மகிழ்ச்சி' என்று நாமே எழுதுகிறோம், அங்கே கங்கு எதுவென்று கேட்பதில்லை.

இவ்வாறு ஓரெழுத்தைப் பற்றிக்கொண்டு சொற்களைத் தேடுவது நம் முன்னோர் கண்ட வழி. ஆங்கிலச் செய்யுளில் ஓசை பெரும்பாலும் அடியின் இறுதியில் ஒன்றும். ஆகவே 1775இல் ஜோன் வாக்கர் தம் அகராதியில் சொற்களை ஈற்றெழுத்து முறையில் அடுக்கினார். நம் செய்யுளுக்கு உயிர் எதுகை. அது இரண்டாம் எழுத்தில் ஒன்றுவது. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லின் பல பொருள்களைக் கூறுகையில், ககர எதுகை, ஙகர எதுகை என்றே வரிசைப்படுத்தினார். வீரமாமுனிவரும் 1732இல் இயற்றிய சதுரகராதியின் நான்கு பிரிவுகளுள் ஒன்றைத் தொடைக்கென்றே ஒதுக்கினார். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனனஞ் செய்த நூல் அது.

ஙகர எதுகை வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். கங்குல் என்றால் இரவு. மங்குல் என்றால் மேகம், இருள் என்றும் பொருள்படும். பிற்பகலில் ஹப்புத்தளைச் சரிவிலிருந்து இறங்கித் தேயிலை நிரைகளை மூடும் வெண்புகாருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? மங்கு என்னும் வினையோடு அதைச் சேர்த்துப் பாருங்கள், பொருள் தானே விளங்கும். பொங்கர் என்பது சோலை. நுங்குதல் என்பது விழுங்குதல். நமக்கோ பனை நுங்கு மட்டுமே நினைவில் நிற்கிறது. முதலெழுத்து நெடிலாகும்போது ஓங்கல் வரும். ஓங்கி நிற்பதால் மலைக்கு அப்பெயர். நாங்கூழ் என்பது மண்புழு.

தொங்கல் என்பது மாலை. ஆடையின் முன்றானையும் தொங்கலே. லயத்தின் கடைசி அறையைத் தோட்டத்தில் 'தொங்கக் காம்பரா' என்பார்கள். யாழ்ப்பாணத்திலும் தெருவின் முடிவு தொங்கல்தான். மலையும் குடாநாடும் ஒரு சொல்லில் கைகோத்து நிற்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எதுகை ஒன்றினால் வேரும் ஒன்றென்று முடிவு கட்டலாகாது. கங்கும் கங்குலும் உடன்பிறப்புகள் என்று சொல்ல ஓசை மட்டும் சான்றாகாது. எதுகை வரிசை சொல்லைத் தேடித் தரும். பொருளை வழக்கிலும் நூலிலும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும்.

காப்பிக் காலத்தில் கடல் கடந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு சொற்களையும் கொண்டுவந்தார்கள். காணியும் வீடும் இல்லாதிருந்த அம்மக்களுக்குச் சொந்தமாயிருந்த சொத்துகளுள் மொழியும் ஒன்று. அதையும் கொச்சையென்று சிவப்பு மையால் வெட்டினால் மிஞ்சுவது யாது?

மறுநாள் அந்த மாணவியின் கொப்பியை வாங்கி, என் திருத்தத்தை நானே வெட்டினேன். பக்கத்தில் 'சரி' என்று எழுதினேன். அவள் கேட்டாள்: "அப்பாயிக்கிட்ட காட்டலாமா சேர்?"

நேயர்களே, உங்கள் வீட்டு மூத்தோரிடம் இன்று ஒரு சொல்லைக் கேட்டு எழுதி வையுங்கள்.