ஆபத்துக்கு முந்தி – 9: கிளம்புவதா, இருப்பதா?

கடல் இல்லாத மாவட்டம், புயல் நம்மை என்ன செய்யும் என்ற நினைப்பு தர்மபுரிப் பக்கம் நெடுநாளாக உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் அதைத் தகர்த்துவிட்டது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப்போனதை நாடே டிவியில் பார்த்தது.

தர்மபுரி மாவட்டத்து அதியமான்கோட்டைக்கு மழையைவிடக் கிட்டத்தில் இருக்கும் ஆபத்து ரோடுதான். சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையில், ஓசூர், பாலக்கோடு வழியாக வரும் சாலை வந்து சேரும் ஊர் இது. தெற்கே தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் விபத்து நடக்காத வருஷம் இல்லை. கேஸ் டேங்கர்களும் இதே வழியாகத்தான் போகின்றன.

வீட்டுக்குப் பக்கத்தில் டேங்கர் கவிழ்ந்து சமையல் கேஸ் கசிகிறது என்று வையுங்கள். அது காற்றைவிடக் கனமானது. சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். அடுப்பை அணைப்பது சரி, ஆனால் ஸ்விட்சைத் தொடக் கூடாது, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பைக்கையும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்காக, மேட்டுப் பக்கம் நடந்தே போய்விட வேண்டும். ஊர்க் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டம் நிற்கும் நாளில் வண்டி எடுத்தாலும் நகராது. கசிவது அம்மோனியா போன்ற நச்சு வாயு என்றால் நிலைமை வேறு. வெளியேறச் சொல்லி அதிகாரிகள் அறிவிக்கும்வரை உள்ளேயே இருந்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேன், ஏசியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணிப்பதே நல்லது.

மழையில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே இருக்க நேர்ந்தால் முதல் கவலை தண்ணீர். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கரண்ட் போய் பம்ப் நின்றால் அந்தத் தண்ணீரும் நிற்கும். போர் தண்ணீர்தான் கதி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஃப்ளோரைடின் கேடு வருஷக்கணக்கில் குடித்தால் வருவது, கிருமியின் கேடு மறுநாளே வரும். ஆகவே கொதிக்கவைத்துக் குடியுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஆளுக்கு மூன்று நாளைக்கான குடிநீரைக் குடத்திலும் கேனிலும் பிடித்து மூடிவைத்தால் அந்த அலைச்சலும் மிச்சம்.

கிளம்ப வேண்டியவர்களுக்கு ஒரே ஒரு பை போதும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், பேங்க் புத்தகம் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள். பெரியவர்களின் சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு, டாக்டர் சீட்டோடு. டார்ச், கூடவே சில்லறை நோட்டு: டவர் போய்விட்டால் ஜிபே உதவாது. பெண்களுக்கு நாப்கினை மறந்துவிடுகிறார்கள், நிவாரண முகாமில் முதலில் தட்டுப்பாடாவது அதுதான். நகையும் பீரோவும் அப்புறம்.

வீட்டில் யார் பாட்டியைத் தூக்குவது, யார் மாட்டை அவிழ்த்துவிடுவது, ஆளுக்கொரு திசையில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசி முடிவு செய்யுங்கள். 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. இந்த மூன்று எண்களையும் குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.