கரையில் இறங்கும் மீன் ஊராருக்குக் கிட்டாதது ஏன்?

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. கடலை அடுத்து வாழ்வோருக்கேனும் அன்றன்று பிடித்த மீன் எளிதில் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் கரையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள நெசவாளர் தெருவிலும் உழவர் ஊரிலும் விலைக்கு வருவது, பல சமயங்களில், வேறெங்கோ இறங்கிப் பனிக்கட்டியில் நாட்கணக்கில் கிடந்து லாரியில் வந்த மீனே. அண்டைக் கரையில் இறங்கியதோ வெளியூர் போய்விடுகிறது. இதன் காரணங்களை ஆராய்வது நம் அங்கத்தினர்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

முதற்காரணம் விற்பனை முறை. கரையில் மீன் கூடை கூடையாகவும் குவியலாகவும் ஏலம் போகிறது. ஒரு கிலோ வாங்க விரும்பும் குடும்பத்திற்கு அங்கே இடமில்லை. தலைச்சுமையாக விற்கும் மீனவப் பெண்கள், லாரி வியாபாரியோடு போட்டியிட்டு ஏலம் கேட்பது அரிது. இறாலும் கணவாயும் ஏற்றுமதிக்குச் செல்கின்றன. வஞ்சிரமும் வவ்வாலும் பெருநகரங்களுக்குச் செல்கின்றன. சிறுமீன்களில் ஒரு பகுதி மீன்தூளாகவும் கோழித் தீவனமாகவும் மாறுகிறது.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. அது கடன். படகு, வலை, இயந்திரம் ஆகியவற்றுக்கு முன்பணம் கொடுப்பவரே பல ஊர்களில் ஏலக்காரராகவோ வியாபாரியாகவோ இருக்கிறார். முன்பணம் பெற்ற மீனவர் தம் மீனை அவர் வழியாகவே விற்றாக வேண்டும். விற்பனைதோறும் கழிவு பிடிக்கப்படுகிறது. கடனின் முதலோ அசையாமல் நிற்கிறது. நூலையும் முன்பணத்தையும் ஒருவரிடமே பெற்று, நெய்த சேலையை அவர் சொன்ன கூலிக்கே கொடுத்த நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மண்டியில் பணம் வாங்கி அதே மண்டியில் விளைச்சலை நிறுத்த உழவரும் இதனை அறிவார். தன் பொருளை யாருக்கு விற்பது என்ற உரிமை மீனவருக்கே இல்லாதபோது, அண்டை ஊரார் அதனைக் கேட்டுப் பெறுவது எங்ஙனம்?

மூன்றாவது காரணம் பருவம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன் இனம் பெருகுவதற்கு இத்தடை தேவையானதே. நாட்டுப் படகுகள் கொணரும் மீன் மட்டும் போதாமையால், அந்நாட்களில் வெளி வரவு மிகுகிறது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்டதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெளியூர் மீன் யாவும் கெட்டது என்று நாம் கூறவில்லை. பிடித்தவர் யார், பிடித்த நாள் எது என்று தெரியாத பண்டத்தில் கலப்படம் எளிதில் நுழையும் என்பதையே சுட்டுகிறோம்.

இதற்குக் கூட்டுறவு விடை தந்திருக்கிறது. 1980ஆம் ஆண்டில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் கடலோர ஊர்களில் வேரூன்றியது. இதன் கிராமச் சங்கங்கள் முதலில் கைக்கொண்டது கரை ஏலத்தையே. அங்கத்தினர் மீனைச் சங்கமே ஏலம் விடுகிறது. விற்ற பணத்திலிருந்து கடன் தவணையும் சேமிப்பும் பிடிக்கப்படுகின்றன. முதல் விற்பனை சங்கத்தின் கைக்கு வந்ததும் தரகரின் பிடி தளர்ந்தது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளருக்குச் சந்தையைத் திறந்ததும் இவ்வகையிலேயே.

எனவே கடலோர வட்டங்களிலுள்ள நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. அருகிலுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசி, வாரத்தில் குறித்த நாட்களுக்கு, அங்கத்தினர் தேவைக்கேற்பச் சில கூடை மீனை முன்கூட்டிக் கேட்கலாம். அதனைக் கொணர்ந்து விற்கும் பணியை மீனவப் பெண்களிடமே ஒப்படைக்கலாம். அன்றைய ஏல விலையோடு, சுமைகூலியும் அவர்களுடைய உழைப்புக்கு உரிய இலாபமும் சேர்த்து விலை வைக்கலாம்.

ஆனால் வாங்குவோருக்கும் கடமை உண்டு. பணத்தை அன்றே கொடுக்க வேண்டும். கடன் சொன்னால் மீனவர் மீண்டும் முன்பணக்காரரிடமே செல்வார். வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் கூடாது; மத்தி கிடைத்த நாளில் மத்தி, நெத்தலி கிடைத்த நாளில் நெத்தலி என்று கடல் தருவதை ஏற்க வேண்டும். விலை குறைந்த இம்மீன்கள் சத்தில் குறைந்தவை அல்ல.

தறியில் நெய்ததற்கு நியாய விலை கேட்கும் நாம், வலையில் பிடித்ததற்கும் அதனைக் கொடுக்க முன்வருவோமாக. அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை எடுத்துப் பேசுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.